‘எனக்குப் பசிக்கலை’ என்று எல்லோரும் சொல்லும் வீடு

இந்த வாரக் கடிதம் நான்கு பக்கம். எழுதியவர் யாரென்று தெரியாமலிருக்கச் சில விவரங்களை எடுத்தும் மாற்றியும் இருக்கிறேன். அவருக்கு 38 வயது. கணவருக்கு வேலை போய் 14 மாதம் ஆகிறது. இவர் அரைநாள் வேலைக்குப் போகிறார். 11 வயதில் மகள், 6 வயதில் மகன்.

மாதத்தின் முதல் பாதி எப்படியோ ஓடிவிடுகிறதாம். மூன்றாவது வாரம் பிறந்ததும் சமையலறை டப்பாக்களைத் திறந்து திறந்து பார்க்க ஆரம்பிக்கிறார். கடைசி வாரம் முழுக்க ஒரே சாப்பாடுதான். விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. எதில் எவ்வளவு இருக்கிறது, எத்தனை வேளைக்கு வரும் என்று படுத்தபடியே கணக்குப் போடுகிறார். பிள்ளைகளுக்குப் போட்டு, கணவருக்குப் போட்டு, மிச்சம் இருந்தால் இவர் சாப்பிடுகிறார். இல்லாவிட்டால் “எனக்குப் பசிக்கலை.” சம்பளம் வந்த அன்று இரவு மட்டும் எல்லோரும் தூங்கிய பிறகு, விளக்கைப் போடாமல், நின்றுகொண்டே வயிறு வலிக்கும்வரை சாப்பிடுகிறார். அப்புறம் அழுகை. போன மாதம் மகன் தட்டைத் தட்டிவிட்டதற்கு அடித்துவிட்டார். “சிந்தினது ஒரு கைப்பிடிதான் டாக்டர். ராத்திரி அவன் தூங்கினப்புறம் அந்தக் கன்னத்தையே பார்த்துட்டு உட்கார்ந்திருந்தேன்” என்று எழுதியிருக்கிறார்.

மனச்சோர்வுக்கு ஒரு மருத்துவர் மாத்திரை கொடுத்திருக்கிறார். வெறும் வயிற்றில் போட்டால் குமட்டுகிறது என்று இவராகவே பாதியாக உடைத்துப் போடுகிறார். கணவருக்கு நீரிழிவு. மதியம் அவர் சாப்பிடுவதில்லை. சாயங்காலம் ஆனால் அவருக்குக் காரணமில்லாத கோபம், வியர்வை, கை நடுக்கம். போன வாரம் மகளும் சொல்லியிருக்கிறாள்: “எனக்குப் பசிக்கலைம்மா.” அன்றைக்குத்தான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தாராம்.

கேட்டிருப்பவை இவை. நாங்கள் பட்டினி கிடக்கவில்லையே, இரண்டு வேளை சாப்பிடுகிறோம், பிறகு ஏன் எனக்கு இப்படி? என் மனசுதான் பலவீனமா? பணம் வந்தால் தானாகச் சரியாகிவிடும் என்றால் மாத்திரை எதற்கு? வீட்டு நிலைமையை டாக்டரிடம் சொன்னால் பிள்ளைகளை வளர்க்கத் தகுதியில்லாதவள் என்று முடிவு கட்டிவிடுவார்களா?

மூன்றாவது பக்கத்தின் நடுவில், வேறு எதையோ சொல்லிக்கொண்டு வரும்போது, ஒரு வரி: “சில நேரம், நான் இல்லாவிட்டால் ஒரு தட்டு மிச்சம் என்று தோன்றும்.”

சகோதரி, அந்த வரியிலிருந்தே தொடங்குகிறேன்.

ஒரு தட்டு மிச்சம்

நேரடியாகவே கேட்கிறேன். கேட்பதால் இல்லாத எண்ணம் புதிதாக வந்துவிடாது. அது வந்து போகிற நினைப்பு மட்டும்தானா? அல்லது எப்படி, எப்போது என்பதுவரை மனம் போயிருக்கிறதா? போயிருக்கிறது என்றால் இந்தப் பதிலை மேலே படிக்க வேண்டாம். கணவரிடமோ உங்களுக்கு நெருக்கமான ஒருவரிடமோ இன்றைக்கே சொல்லுங்கள். தனியாக இருக்காதீர்கள். மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அவர்களோடு போங்கள். ஆபத்தான பொருள் எது வீட்டில் இருந்தாலும் அதை வேறொருவர் எடுத்து வைக்கட்டும். வெறும் நினைப்புதான் என்றாலும், மருத்துவரிடம் அடுத்த முறை முதலில் சொல்ல வேண்டியது இதைத்தான். மூன்றாவது பக்கத்தின் நடுவில் ஒளித்து வைக்காதீர்கள்.

‘நான் பாரம்’ என்ற எண்ணம் மனச்சோர்வில் அடிக்கடி வருகிற ஒன்று. வீட்டுக் கணக்கில் உங்களை நீங்களே செலவுப் பக்கத்தில் எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். விடியற்காலை மூன்று மணிக் கணக்கில் இதுவும் ஒரு தப்புக் கணக்கு. கணக்கை எழுதுவது நோய்.

பட்டினி வேறு, இது வேறு

“நாங்கள் பட்டினி கிடக்கவில்லையே” என்கிறீர்கள். பலரும் தடுக்கி விழும் இடம் இது. 1996-ல் ரோமில் நடந்த உலக உணவு உச்சிமாநாடு உணவுப் பாதுகாப்புக்கு ஒரு வரையறை சொன்னது. போதுமான, பாதுகாப்பான, சத்தான உணவு எல்லோருக்கும் எல்லா நேரத்திலும் கிடைக்க வேண்டும் என்பது அதன் சாரம். ‘எல்லா நேரத்திலும்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். இன்றைக்குத் தட்டில் இருக்கிறது, 25-ஆம் தேதி இருக்குமா என்று தெரியாது என்றால் அதற்கும் பெயர் உணவுப் பாதுகாப்பின்மைதான்.

ஐ.நா.வின் உணவு, வேளாண்மை அமைப்பு இதை அளக்க எட்டுக் கேள்விகள் வைத்திருக்கிறது. முழுநாள் சாப்பிடாமல் இருந்தீர்களா என்பது அதில் எட்டாவது. முதல் கேள்வி வயிற்றைப் பற்றியதே இல்லை. போதுமான உணவு இருக்காதோ என்று கடந்த 12 மாதத்தில் கவலைப்பட்டீர்களா என்பதுதான் அது. நடுவில் வருபவை: சத்தாகச் சாப்பிட முடியாமல் போனதா, ஒரே மாதிரியான சில உணவுகளோடு ஓட்ட வேண்டியிருந்ததா, ஒரு வேளையைத் தவிர்த்தீர்களா, அளவைக் குறைத்தீர்களா, வீட்டில் உணவு தீர்ந்துபோனதா, பசித்தும் சாப்பிடாமல் இருந்தீர்களா. உங்கள் கடிதத்தை வைத்துக்கொண்டு எண்ணிப் பார்த்தேன். எட்டில் ஆறுக்காவது ‘ஆம்’ வருகிறது.

அதே அளவுகோலைக் கொண்டு 149 நாடுகளின் தகவல்களை அலசிய ஆய்வு ஒன்று 2017-ல் வந்தது. உணவு நிச்சயமில்லாமை கூடக்கூட மனநலம் படிப்படியாகக் கெட்டிருந்தது. வருமானம் போன்றவற்றைக் கழித்துப் பார்த்தபிறகும் அந்தத் தொடர்பு நின்றது. அதாவது, பணம் குறைவு என்பதைத் தாண்டி, அடுத்த வேளை உறுதியில்லை என்பதற்கே தனியாக ஒரு எடை இருக்கிறது. ‘கஷ்டப்படுகிறவர்கள் எல்லாம் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள்’ என்றும் எழுதியிருக்கிறீர்கள். வெளியில் பார்க்கிறவர்களுக்கு நீங்களும் சிரித்துக்கொண்டுதானே இருக்கிறீர்கள்?

மனசு பலவீனமா என்ற கேள்விக்குப் பழைய ஆய்வு ஒன்றைச் சொல்கிறேன். 1944 கடைசியில் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் அன்செல் கீஸ் என்ற உடலியல் அறிஞர், பட்டினி மனிதனை என்ன செய்கிறது என்று பார்க்க 36 இளைஞர்களைத் தேர்ந்தெடுத்தார். போருக்குப் போக மனசாட்சி இடம் கொடுக்காமல், அதற்குப் பதிலாக இந்தச் சேவைக்கு முன்வந்தவர்கள். உடலும் மனமும் திடமாக இருக்கின்றனவா என்று சோதித்துத்தான் சேர்த்தார்கள். 24 வாரம் ஏறக்குறைய பாதி உணவு. உடல் எடையில் கால் பங்கு போயிற்று. போனது எடை மட்டுமில்லை. எரிச்சல், சோகம், எதிலும் ஒட்டாமை. நாள் முழுக்கச் சாப்பாட்டு நினைப்பு. அதுவரை சமையல் பக்கமே போகாதவர்கள் சமையல் புத்தகங்களை வாங்கி வைத்துப் படித்தார்கள். இருக்கிற கொஞ்சத்தை இரண்டு மணி நேரம்வரை இழுத்து இழுத்துச் சாப்பிட்டார்கள், தட்டை நக்கினார்கள்.

அவர்களுக்குக் கொடுமை எந்தத் தேதியில் முடியும் என்பது தெரியும். உங்களுக்குத் தெரியாது. அவர்கள் தங்கள் தட்டிலிருந்து யாருக்கும் எடுத்துப் போடவும் வேண்டியதில்லை. சோதித்து எடுத்த திடமான ஆட்களுக்கே இந்தக் கதி என்றால், 14 மாதமாக ஒரு குடும்பத்தை இழுக்கிற உங்களை நீங்களே பலவீனமானவள் என்று சொல்லிக்கொள்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

சம்பள நாள் இரவு நடப்பதற்கும் விளக்கம் அங்கேயே இருக்கிறது. கட்டுப்பாடு நீங்கியதும் அந்த இளைஞர்களில் பலர் வயிறு நிரம்பிய பிறகும் நிறுத்த முடியாமல் சாப்பிட்டார்கள். நீங்கள் அதைப் ‘பேராசை’ என்று எழுதியிருக்கிறீர்கள். வாரக்கணக்கில் பின்னால் தள்ளப்பட்ட உடம்பு முன்னால் பாய்கிறது, அவ்வளவுதான். சாப்பிட்டதை வேண்டுமென்றே வாந்தி எடுக்கிற பழக்கம் இருந்தால் மட்டும் மருத்துவரிடம் தனியாகச் சொல்லுங்கள், அது வேறு விஷயம். மற்றபடி இதற்கு நான் சொல்லும் வைத்தியம் இரவில் வாயைக் கட்டுவது இல்லை. பகலில் உங்கள் பங்கை உட்கார்ந்து சாப்பிடுவது.

இன்னொன்று. வேலையில் சின்னக் கணக்குகள் தப்பிப் போகின்றன, படிவம் நிரப்ப உட்கார்ந்தால் தலை சுற்றுகிறது என்கிறீர்கள். 2013-ல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த ஓர் ஆய்வில், கரும்பு விவசாயிகளுக்கு அறுவடைக்கு முன்னால் கையிறுக்கமான நாட்களிலும், அறுவடைக்குப் பின் காசு வந்த நாட்களிலும் சிந்தனைத் திறன் சோதனைகள் வைத்தார்கள். அதே ஆட்கள்தான். முன்னால் மோசமாகச் செய்தார்கள், பின்னால் நன்றாகச் செய்தார்கள். மண்டையில் ஒரு கணக்கு ஓடிக்கொண்டே இருந்தால் அடுத்த கணக்குக்கு இடம் இருக்காது.

பணம் வந்தால் சரியாகிவிடுமா?

நிறையச் சரியாகும், ஆனால் உடனே எல்லாம் சரியாகாது. மினசோட்டா ஆட்களுக்கு உணவு கூட்டப்பட்ட முதல் வாரங்களில் மனநிலை அப்படியே இருந்தது, சிலருக்கு இன்னும் மோசமானது. நிறைந்த டப்பாவைத் திறந்து பார்க்கும் கை சில மாதம் திறந்துகொண்டேதான் இருக்கும். இதை இப்போதே சொல்லி வைக்கிறேன். இல்லாவிட்டால் கணவருக்கு வேலை கிடைத்த பிறகும் தூக்கம் வராதபோது, ‘பார்த்தாயா, எனக்குத்தான் கோளாறு’ என்று முடிவு செய்துவிடுவீர்கள்.

தவிர, வண்டி இரண்டு பக்கமும் ஓடும். சாப்பாட்டுக் கவலை மனச்சோர்வைக் கூட்டுகிறது. மனச்சோர்வு வந்தவருக்கு வேலை தேட, உதவி கேட்கப் போய் நிற்க, இருப்பதை வைத்துச் சமைக்கக்கூட உடம்பு வருவதில்லை. அதனால் வீட்டில் இருப்பு இன்னும் குறைகிறது. ஏதாவது ஒரு பக்கத்தில் பிடித்து நிறுத்த வேண்டும். எந்தப் பக்கம் கைக்கு முதலில் எட்டுகிறதோ அந்தப் பக்கம்.

மாத்திரை, சமையலறை டப்பாவை நிரப்பாது. ஆனால் காரணம் தெரிந்த சோகம் என்பதால் மாத்திரைக்கு வேலையில்லை என்றும் இல்லை. விபத்தில்தான் கால் முறிந்தது என்று தெரிந்துவிட்டதால் கட்டுப் போடாமல் விடுகிறோமா?

நீங்கள் செய்யக்கூடாதது, சொல்லாமல் பாதியாக உடைத்துப் போடுவது. பாதி அளவில் பலன் தெரியாமல் போகும், ‘மருந்து வேலை செய்யவில்லை’ என்று மருத்துவர் அளவைக் கூட்டுவார், குமட்டலும் கூடும். திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், தூக்கக் கெடுதல் வரலாம். பொதுவாகக் கொடுக்கப்படும் செர்ட்ராலின், எஸ்சிட்டலோபிராம் வகை மாத்திரைகளில் குமட்டல் முதல் ஓரிரு வாரத்தில் அதிகம் இருக்கும், பிறகு பெரும்பாலும் குறைந்துவிடும். உணவோடு சேர்த்துப் போட்டால் இன்னும் குறையும். அதனால் ஒரு நாளில் நீங்கள் நிச்சயமாகச் சாப்பிடும் வேளை எது என்று மருத்துவரிடம் சொல்லுங்கள். காலையில் சாப்பிடாதவருக்குக் ‘காலை உணவுக்குப் பின்’ என்று சீட்டு எழுதுவதில் அர்த்தமில்லை. இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. லுராசிடோன் போன்ற சில மனநல மருந்துகள் குறைந்தது 350 கலோரி உணவோடு போனால்தான் உடம்பில் சரியாகச் சேரும். வெறும் வயிற்றில் போட்டுவிட்டு ‘இந்த மருந்து கேட்கவில்லை’ என்று மாற்றிக்கொண்டே போனவர்கள் உண்டு.

இரத்தப் பரிசோதனை ஒன்றும் கேட்டு வாங்குங்கள்: ஹீமோகுளோபின், இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின், வைட்டமின் பி12, தைராய்டு. மாதவிடாய் உள்ள பெண் வருஷக்கணக்கில் கடைசி ஆளாகச் சாப்பிட்டால் இரும்புச்சத்து குறைவது சகஜம். அந்தச் சோர்வும் எரிச்சலும் மறதியும் மனச்சோர்வு மாதிரியே வேஷம் போடும். இரண்டும் சேர்ந்தே இருக்கவும் கூடும்.

கணவரின் சாயங்காலக் கோபம்

நீங்கள் இதைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள், எனக்கு உறுத்துகிறது. நீரிழிவு மாத்திரைகளில் கிளிமிபிரைடு போன்றவை கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும். அதைப் போட்டுவிட்டு ஒரு வேளையைத் தவிர்த்தால் இரத்தச் சர்க்கரை சடாரென்று இறங்கும். வியர்வை, நடுக்கம், படபடப்பு, காரணமில்லாத கோபம் எல்லாம் அதன் அடையாளங்கள். அடுத்த முறை அப்படி ஆகும்போது விரலில் குத்தி அளந்து பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் உடனே மூன்று நான்கு சிறு கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி அளக்க வேண்டும். மயங்கிய நிலையில் இருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் மருத்துவமனைக்குத் தூக்குங்கள். அவருடைய மருத்துவருக்கு அவர் மதியம் சாப்பிடுவதில்லை என்பது தெரியவே தெரியாது என்று நினைக்கிறேன். தெரிந்தால் மருந்தை மாற்றியிருப்பார். இந்த வாரமே போய்ச் சொல்லச் சொல்லுங்கள். நீங்கள் இதுவரை குணக்கேடு என்று நினைத்துச் சண்டை போட்டதில் பாதி வெறும் சர்க்கரை இறக்கமாக இருக்கலாம்.

மகள், மகன்

பிள்ளைகளுக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்கிறேன் என்று இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் மகள் சொன்ன வாக்கியம் யாருடையது? உங்களுடையதேதான். பெற்றோர் நினைப்பதைவிடப் பிள்ளைகளுக்கு அதிகம் தெரிந்திருக்கிறது. தெரிந்ததும் தங்கள் பங்கைக் குறைத்துக்கொள்ளவும் செய்கிறார்கள். உள்ளது என்னவென்று தெரியாதபோது அவர்கள் கற்பனை அதைவிட மோசமாகப் போகும்.

அவளிடம் பேசுங்கள். நீளமாக வேண்டாம். “இந்த மாசம் கொஞ்சம் இறுக்கமா இருக்கு. அப்பாவும் நானும் பார்த்துக்கிட்டு இருக்கோம். கணக்கு எங்க வேலை. உன் வேலை சாப்பிடறது.” இவ்வளவு போதும். அப்புறம் நீங்களும் அவளோடு உட்கார்ந்து, அவள் கண்முன்னால் சாப்பிட வேண்டும். கொஞ்சமாக இருந்தாலும் நாலாகப் பிரியட்டும். நீங்கள் தட்டு போடாத வரையில் நீங்கள் சொல்வதை அவள் நம்ப மாட்டாள்.

மகனிடம் மன்னிப்புக் கேளுங்கள். ஆறு வயதுக்காரனுக்குப் புரியும். “நீ தட்டிவிட்டது தப்பில்ல, அம்மா அடிச்சதுதான் தப்பு.” கை ஓங்கும்போது சமையலறையை விட்டு வெளியே போய் இரண்டு நிமிடம் நின்றுவிட்டு வாருங்கள். இது திரும்பத் திரும்ப நடந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

சொன்னால் என்ன ஆகும்?

பிள்ளைகளைப் பற்றிய பயத்தால்தான் மருத்துவரிடம் பாதியை மறைத்திருக்கிறீர்கள். நோயாளி சொல்வதை ரகசியமாக வைத்திருப்பது மருத்துவரின் கடமை. யாருடைய உயிருக்காவது, குழந்தையின் பாதுகாப்புக்காவது உடனடி ஆபத்து என்றால்தான் அதை மீற இடமுண்டு. நாட்டுக்கு நாடு சட்டம் வேறுபடும் என்பதால், பேச ஆரம்பிக்கும் முன்பே “நான் சொல்வது எதுவரைக்கும் உங்களோடு இருக்கும்?” என்று கேட்டுவிடுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. வறுமை வேறு, புறக்கணிப்பு வேறு. தன் பங்கைப் பிள்ளைக்குக் கொடுக்கிறவர் புறக்கணிக்கிறவர் இல்லை. உண்மையான ஆபத்து நீங்கள் பயப்படும் இடத்தில் இல்லை, மறைப்பதில் இருக்கிறது. சொன்னவர் வீட்டுக்கு உதவி வருகிறது, மறைத்தவர் வீட்டில் நிலைமை முற்றிய பிறகுதான் வெளியில் தெரிகிறது.

மருத்துவர்களான எங்கள் தரப்புத் தவறையும் ஒப்புக்கொள்ள வேண்டும். மனச்சோர்வை அளக்க நாங்கள் பயன்படுத்தும் ஒன்பது கேள்விப் படிவத்தில் ஐந்தாவது, பசியில்லாமல் இருக்கிறதா, அல்லது அளவுக்கு மீறிச் சாப்பிடுகிறீர்களா என்பது. நானும் பல ஆண்டுகள் ‘பசி எப்படி இருக்கிறது?’ என்று கேட்டு, ‘குறைவு’ என்று எழுதிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போயிருக்கிறேன். வீட்டில் சாப்பாடு இருக்கிறதா என்று கேட்டதில்லை. நாங்கள் கேட்காவிட்டாலும் நீங்கள் சொல்லுங்கள். மருத்துவமனையில் சமூகப் பணியாளர் இருந்தால் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். உங்கள் குடும்பத்துக்கு எந்த அரசுத் திட்டத்தில் தகுதி இருக்கிறது, விண்ணப்பத்தை யார் நிரப்பித் தருவார்கள் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். விண்ணப்பத்தை மாத ஆரம்பத்தில், தலை கொஞ்சம் தெளிவாக இருக்கும் நாளில் எடுத்துக்கொண்டு உட்காருங்கள். பிள்ளைகளின் பள்ளியில் உணவு கிடைக்குமானால் தயங்காமல் அவர்களைச் சேர்த்துவிடுங்கள்.

கை நீட்டுவது அவமானம் என்று எழுதியிருக்கிறீர்கள். 1948-ல் ஐ.நா. வெளியிட்ட மனித உரிமைப் பிரகடனத்தின் 25-ஆவது பிரிவு உணவைப் போதுமான வாழ்க்கைத் தரத்துக்கான உரிமைக்குள்ளேயே வைத்திருக்கிறது. 1966-ஆம் ஆண்டின் பொருளாதார, சமூக, கலாச்சார உரிமைகள் உடன்படிக்கையின் 11-ஆவது பிரிவு பசியிலிருந்து விடுபட்டிருப்பதை அடிப்படை உரிமை என்றே சொல்கிறது. இதெல்லாம் அடுப்பை எரிக்காது, தெரியும். ஆனால் வரிசையில் நிற்கும்போது தலையைக் குனிய வேண்டியதில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

மருத்துவரிடம் எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாவிட்டால் இதைத் தாளில் எழுதி நீட்டிவிடுங்கள்: “மாதக் கடைசியில் வீட்டில் உணவு போதவில்லை. ஒரு நாளில் இத்தனை வேளைதான் சாப்பிடுகிறேன். மாத்திரையைப் பாதியாகப் போடுகிறேன். நான் இல்லாவிட்டால் நல்லது என்று சில நேரம் தோன்றுகிறது.” நாலே வரி. மீதியை அவர் கேட்பார்.

போய்வந்து இரண்டு வாரம் கழித்து எனக்கு மறுபடி எழுதுங்கள். இந்த நான்கு பக்கத்தில் மகன் தட்டில் என்ன இருந்தது, மகள் எவ்வளவு ஒதுக்கினாள், கணவர் எதைத் தொடவில்லை என்று எல்லாம் இருக்கிறது. நீங்கள் அன்றைக்கு என்ன சாப்பிட்டீர்கள் என்பது எங்குமே இல்லை. அடுத்த கடிதத்தை அதிலிருந்து ஆரம்பியுங்கள்.